நம்மட கடல்ல காத்தாடி நிக்குமா? கைப்போன வச்சி நீங்களே பாத்துக்கிற வழி

காத்தில கரண்ட் எடுக்கிற மன்னார்க் காத்தாடிக் (காற்றாலை) கதை பேப்பர்ல வாற நேரமெல்லாம் இஞ்ச மட்டக்களப்பு, கல்முனை, ஒலுவில் பக்கத்து ஆக்கள் ரெண்டா பிரிஞ்சி நிண்டு கதைக்கிறாங்க. ஒரு பக்கம் நம்மட கடல்லயும் நட்டா கரண்ட் பில் குறையும் எண்டு, மற்றப் பக்கம் நட்டா மீனெல்லாம் ஓடிரும் எண்டு. காத்து எவ்வளவு அடிக்குது, ஆழம் எவ்வளவு, யார்ர வலை எவடத்தில விழுது, இந்த மூண்டையும் பாத்துப்போட்டு கதைக்கிற ஆள்தான் இல்ல. இதுக்கு எஞ்சினியர் தேவல்ல, ஒரு போன், கொஞ்சம் டேட்டா, கடலுக்குப் போற ஒரு மாமாவோ மச்சானோ இரிந்தா காணும். மூண்டுல கடைசியாச் சொல்ற வலை விஷயம்தான் நம்மளுக்கு மிச்சம் முக்கியம், அத மட்டும் வாசிக்கிற ஆக்கள் நேரா கீழ போங்க, கோவிக்க மாட்டன்.

முதல்ல காத்து. போன்ல குளோபல் விண்ட் அட்லஸ் எண்டு தேடுங்க. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேந்து செஞ்ச இலவச மேப், கரைல இரிந்து 200 கிலோமீட்டர் மட்டும் கடலும் அதில இரிக்கு. உயரம் தெரிவு செய்யிற இடத்தில 10, 50, 100, 150, 200 மீட்டர் எண்டு காட்டும், 100 அல்லது 150ஐ எடுங்க, ஏனெண்டா கடல்ல நிக்கிற காத்தாடிர நடு அந்த உயரத்திலதான் இரிக்கும். மறுகா கல்லடிக்கு நேரா ஒரு பத்து கிலோமீட்டர் வெளிய விரல வச்சி அழுத்துங்க, வருஷச் சராசரி வேகம் செக்கனுக்கு இத்தனை மீட்டர் எண்டு வரும். அத கொப்பில எழுதிக்கொள்ளுங்க. பொறகு அதே மாதிரி ஒலுவிலுக்கு நேரா ஒண்டு, பாணமைக்குக் கீழ ஒண்டு, மன்னார்த் தீவுக்குத் தெற்கால ஒண்டு, கடைசியா இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் நடுவில வடகடல்ல ஒண்டு. வடகடல்ல பத்துக்குக் கிட்ட நிக்கும். நம்மட நம்பர அதுக்குப் பக்கத்தில எழுதிப் பாத்தா உங்களுக்கே விளங்கும், எல்லாரும் ஏன் மன்னார் மன்னார் எண்டு அங்கயே ஓடுறாங்க எண்டு.

இதில ஒரு கணக்கு இரிக்கு, கட்டாயம் தெரிஞ்சிரிக்கணும். காத்தில இரிக்கிற சக்தி வேகத்தோட சமனா ஏறாது, வேகத்தின்ர மூண்டாம் அடுக்கோட ஏறும். 6 மீட்டர் காத்துக்கு ஆறாறு ஆறு, 216. 8 மீட்டருக்கு எட்டெட்டு எட்டு, 512. ரெண்டு மீட்டர்தான் வித்தியாசம், ஆனா சக்தி ரெண்டு மடங்குக்கும் மேல. அதால ஆரும் வந்து "மன்னார விடக் கொஞ்சம்தான் குறைவு" எண்டு சொன்னா அந்தக் கொஞ்சத்த மூண்டு தரம் பெருக்கிப் பாருங்க.

சராசரிய மட்டும் பாத்து விடவும் ஏலாது. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் தென்மேற்குப் பருவக்காத்து மன்னார்ல நேரா கடலால வந்து ஏறுது. நம்மட பக்கத்துக்கு அதே காத்து மலைநாட்டில மழையக் கொட்டிப்போட்டு காஞ்சி சூடேறி இறங்கி வாறதுதான் கச்சான், தரைல இரிந்து கடலுக்கு அடிக்குது, பகல்ல கடல்காத்து வந்து அதோட மல்லுக்கட்டுது, அதால கரைக்குக் கிட்ட காத்து ஒரு நிதானமில்லாம இரிக்கும். வாடை மாசங்கள்ல, நவம்பர் தொடக்கம் பெப்ரவரி மட்டும், காத்து மற்றப் பக்கத்தால, கடல்ல இரிந்து வரும். இதப் பாக்கிறதுக்கு விண்டி ஆப் லேசு, அது கடலுக்குப் போற ஆக்கள்ர போன்ல எப்பிடியும் இரிக்கும். அதில உயரத்த 100 மீட்டருக்கு ஏத்திப்போட்டுப் பாருங்க, சும்மா விட்டா கடல் மட்டத்துக் காத்தத்தான் காட்டும், 100 மீட்டர்ல அத விடக் கால்வாசி, முப்பது வீதம் எண்டு கூட இரிக்கும். நொட்ல (மணிக்கு இத்தனை கடல்மைல் எண்டு) காட்டினா பாதியாக்குங்க, கிட்டத்தட்ட செக்கனுக்கு மீட்டர் வந்திரும். மாசத்துக்கு ரெண்டு மூண்டு நாள், விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா, ஒரே இடத்தப் பாத்து எழுதிக்கொண்டு வந்தா ஒரு வருஷத்தில கையில ஒரு நல்ல அட்டவணை இரிக்கும்.

எழுதின நம்பர என்னத்தோட ஒப்பிடுறது? பொதுவா காத்தாடி செக்கனுக்கு 3, 4 மீட்டர்ல சுத்தத் தொடங்கும், 11 தொடக்கம் 13க்குள்ள முழு மின்சாரம் தரும், அதுக்கு மேல காத்து எவ்வளவு கூடினாலும் அவ்வளவுதான், 25 தாண்டினா, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், இறக்கையத் திருப்பி தானா நிண்டிரும். 78ல மட்டக்களப்ப அடிச்ச சூறாவளிய நினைக்கிற ஆக்கள் கேப்பாங்க, அந்தக் காத்துக்கு இது தாங்குமா எண்டு. 1978 நவம்பர் 23 மாதிரி ஒரு நாள் வந்தா சுத்துறதா நிக்கிறதா எண்டது கேள்வியே இல்ல, நிண்டபடி முறியாம இரிக்குமா எண்டதுதான் கேள்வி. அதுக்கு சர்வதேசத் தரம் ஒண்டு இரிக்கு, சூறாவளிக் கடலுக்கான வகுப்பு எண்டா பத்து நிமிஷச் சராசரி செக்கனுக்கு 57 மீட்டர் தாங்கணும், மணிக்கு 205 கிலோமீட்டர். திட்டத்தப் பற்றிக் கதைக்கிற கூட்டத்தில ஆரும் மாதிரிப் படத்தோட வந்தா "இது எந்த வகுப்பு" எண்டு கேளுங்க, வடகடலுக்குச் செஞ்சத வங்காள விரிகுடாவுக்குத் தூக்கிக்கொண்டு வர ஏலாது.

அடுத்தது ஆழம். ஜெப்கோ எண்டு உலகக் கடலடி மேப் இரிக்கு, அதையும் போன்ல பாக்கலாம், ஆனா அதின்ர ஒரு கட்டம் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர், கரைக்குக் கிட்ட அத நம்பாதீங்க. போட்டில ஆழம் அளக்கிற எக்கோ சவுண்டர் வச்சிருக்கிற அண்ணன்மார் சொல்ற பாகக் கணக்கு அத விட நல்லம். ஒரு பாகம் ஆறு அடி, 1.83 மீட்டர், இதால பெருக்கினா மீட்டர் வந்திரும்.

நம்மளுக்கு ஒரு நல்ல அடையாளம் ஹேர்மிஸ் கப்பல். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு தாட்ட பிரிட்டிஷ் கப்பல், மட்டக்களப்புக் கரைல இரிந்து 9 கிலோமீட்டர் போல வெளிய, 53 மீட்டர் ஆழத்தில கிடக்குது, 29 பாகம். இத ஏன் சொல்றன் எண்டா, கடலடில நட்டு வைக்கிற காத்தாடிக்கு 50, 60 மீட்டர் ஆழம்தான் கடைசி எல்லை மாதிரி, அதுக்கு மேல போனா செலவு கையில நிக்காது. அப்பிடியெண்டா கல்லடி, நாவலடிப் பக்கம் நட்டு வைக்கக்கூடிய கடல் எண்டது கரைக்கும் ஹேர்மிஸ் கிடக்கிற இடத்துக்கும் அங்கால கொஞ்சத்துக்கும் உள்ள பட்டிதான். பொறகு கடல் சடாரெண்டு இறங்கும், கிழக்குக் கரைல கண்டமேடை (கரையோட ஒட்டின ஆழங்குறைஞ்ச கடலடி) ஒடுக்கம். பாக்கு நீரிணை, மன்னார்ப் பக்கம் அப்பிடியில்ல, அங்க ஆழங்குறைஞ்ச கடல் விரிஞ்சி கிடக்கு. இங்கிலாந்தில டோகர் பேங்க் எண்ட இடத்தில கரைல இரிந்து 130 கிலோமீட்டர் போனாலும் 20, 30 மீட்டர் ஆழம் கிடைக்குது, அதால அவங்களுக்கு கண்ணுக்கெட்டாத தூரத்தில நட ஏலுது. நம்மட பட்டி ஒடுக்கம் எண்டபடியா இஞ்ச நட்டா அது 18 அடி, 23 அடி ஃபைபர் போட்டு ஓடுற அதே தண்ணிலதான் நடணும். இந்த ஒரு வரிய விளங்கிக்கொண்டா மற்றதெல்லாம் லேசு.

"மிதக்கிறதும் இரிக்காம்" எண்டு ஆராவது சொல்லுவாங்க. இரிக்குதான். ஸ்கொட்லாந்தில 2017ல ஹைவிண்ட் எண்டு அஞ்சு காத்தாடி, மொத்தம் 30 மெகாவாட், 100 மீட்டர் அளவு ஆழத்தில மிதக்குது. நோர்வேல டம்பன் எண்ட இடத்தில 11 காத்தாடி, 88 மெகாவாட், 260 தொடக்கம் 300 மீட்டர் ஆழம். ஆனா மிதக்கிறதுக்கு நங்கூரமும் சங்கிலியும் நாலா பக்கமும் தண்ணிக்குள்ள சரிஞ்சி போகும், மேல பாத்தா ரெண்டு காத்தாடிக்கு நடுவில வெறுங்கடல் மாதிரித்தான் தெரியும், கீழ வழிவலை (நீரோட்டத்தோட மிதக்க விடுற வலை) போற ஆளுக்குத்தான் அது என்னெண்டு தெரியும்.

எவ்வளவு பெருசா தெரியும் எண்டத வீட்ட இரிந்து கணக்குப் பாக்கலாம். டோகர் பேங்க்ல நிக்கிறது ஒண்டொண்டும் 13 மெகாவாட், இறக்கை மட்டும் 107 மீட்டர், இறக்கை நேர மேல நிக்கக்குள்ள நுனி தண்ணில இரிந்து 260 மீட்டர் போல. கடற்கரைல நிண்டு கைய நல்லா நீட்டி சுண்டு விரல அடிவானத்தில படுக்க வையுங்க. விரல்ர தடிப்பு ஏறக்குறைய ஒரு பாகை. பத்து கிலோமீட்டர் தூரத்தில நிக்கிற 260 மீட்டர்க் காத்தாடி அந்த விரல் தடிப்பு ஒண்டரைக்குக் கிட்ட எழும்பி நிக்கும், 20 கிலோமீட்டர்ல அதில பாதி. பாசிக்குடா ஹோட்டல்காரருக்கும் அறுகம்பைக்காரருக்கும் இது தெரிஞ்சா அவங்களும் கூட்டத்துக்கு வருவாங்க.

பேப்பர்ல வாற மெகாவாட்ட வாசிக்கிற விதமும் ஒண்டு இரிக்கு. அது முழு வேகத்தில சுத்துற நேரத்து நம்பர், ஒவ்வொரு நாளும் அவ்வளவு வரும் எண்டு அர்த்தமில்ல. மன்னார்ல நடுக்குடாப் பக்கம் நிக்கிற தம்பபவனி எண்ட காத்தாடிப் பண்ணைல 30 காத்தாடி, மொத்தம் 103.5 மெகாவாட், 2020 டிசம்பர்ல திறந்தது, அது தரைல. டோகர் பேங்க் காத்தாடி எட்டு நட்டா அந்த 30க்கும் சமன். 1991ல டென்மார்க்கில விண்டெபி எண்ட இடத்தில உலகத்திலயே முதல் கடல் காத்தாடிப் பண்ணையா நட்டதோ 11 காத்தாடி, எல்லாம் சேத்தே 5 மெகாவாட்தான், 2017ல கழட்டியும் எடுத்துட்டாங்க. கழட்டி எடுக்கிறதும் திட்டத்தில ஒரு பகுதி, அந்தச் செலவு ஆர்ர கணக்கு எண்டு கேக்க மறந்திராதீங்க, எல்லாரும் நடுறதப் பற்றியே கேட்டுக்கொண்டு இரிப்பாங்க.

இனி வலை. ஐரோப்பால கன காலமா 12 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிப் போட்டுக்கு மட்டும்தான் செய்மதில இடம் காட்டுற கருவி கட்டாயமா இரிந்த, அதால கம்பெனி மேப் போடக்குள்ள பெரிய போட்டு ஓடுற இடம் சிவப்பா பளிச்செண்டு தெரியும், சின்னப் போட்டுக்காரர் ஓடுற இடம் வெள்ளையா கிடக்கும், வெள்ளையா கிடந்தா ஆரும் தொழில் செய்யல்ல எண்டு அர்த்தம் எடுத்திருவாங்க. இஞ்சயும் அதே நிலைதான், வாழைச்சேனை பலநாள் போட்டுக்கு கருவி இரிக்கு, நம்மட ஒருநாள் போட்டுக்கு ஒண்டுமில்ல. ஆகவே அந்த வெள்ளைய நிரப்புறது நம்மட வேலை, திட்டம் வந்த பொறகு இல்ல, வர முந்தியே.

செய்றது இப்பிடி. டேட்டா இல்லாம ஓடுற ஜீபிஎஸ் டிராக்கர் ஆப் ஒண்ட இறக்குங்க, பதிஞ்சத ஜீபிஎக்ஸ் (ஓடின பாதையும் குறியும் இரிக்கிற) ஃபைலா வெளிய எடுக்க ஏலுமா எண்டு முதல்லயே பாருங்க. கடலுக்குப் போகக்குள்ள பதிவ ஓட விட்டு, கைப்போன தண்ணி போகாத பையில போட்டு கட்டி, எஞ்சினுக்கு எட்டத்தில வையுங்க. வலை விடக்குள்ள ஒரு குறி, வலை ஏத்தக்குள்ள ஒரு குறி, அவ்வளவுதான் கடல்ல செய்ற வேலை. கரைக்கு வந்த பொறகு கொப்பில திகதி, என்ன வலை, எத்தனை பாகம், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குக் குடுத்த எண்டு ஒரு வரி. முதலாளி தாற சிட்டைய எறியாம அந்தப் பக்கத்தில ஒட்டிருங்க, இல்லாட்டி போட்டோ எடுத்து வையுங்க, சிட்டை மை ஒரு மாசத்தில மங்கிரும். இங்கிலாந்தில நட்டஈடு கேட்ட மீனவர்ட்ட முதல்ல கேக்கிறதே இந்த இடத்தில முந்தின வருஷங்கள்ல பிடிச்சதுக்கும் உழைச்சதுக்கும் என்ன ஆதாரம் எண்டுதான்.

இதில ஒரு சிக்கல், தன்ர பார் (மீன் கூடுற கடலடிப் பாறை) எவடத்தில இரிக்கு எண்டு ஒரு மனிசனும் சொல்ல மாட்டான். சொல்லவும் வேணாம். மீனவர் சங்கத்தில ஒரு ஆள் எல்லார்ர ஃபைலையும் வாங்கி, கடல ரெண்டு கிலோமீட்டர்க் கட்டமா பிரிச்சி, எந்தக் கட்டத்தில எந்த மாசம் எத்தனை போட்டு எண்டு மட்டும் நிறம் போட்டா காணும், பார் கட்டத்துக்குள்ள மறைஞ்சி போயிரும். அந்த ஆள் சங்கத்தில எல்லாரும் நம்புற ஆளா இரிக்கணும், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொடியன் எண்டதுக்காக மட்டும் குடுக்காதீங்க. கரைவலைக்காரருக்கு ஜீபிஎஸ் தேவல்ல, பாடு (வலை வளைக்கிற கரைத்துண்டு) எவடத்தில தொடங்கி எவடத்தில முடியுது எண்டு கரைல ரெண்டு புள்ளி, வலை எவ்வளவு தூரம் வெளிய போகுது எண்டு ஒண்டு. கரைவலைய விட்டுராதீங்க, காத்தாடி எவ்வளவு தூரத்தில நிண்டாலும் கரண்ட் கேபிள் ஒரு இடத்தில கரை ஏறியே ஆகணும், அது ஆராவது ஒரு ஆள்ர பாட்டாலதான் ஏறும். மட்டக்களப்பில இன்னொரு கேள்வியும் இரிக்கு, வவுணதீவு கிரிட் சப்ஸ்டேஷன் (கரண்ட நாட்டு மின் வலையோட சேக்கிற நிலையம்) வாவிக்கு அங்கால இரிக்கு, கடல்ல இரிந்து அங்க கேபிள் போறதெண்டா வாவியக் கடக்கணும் இல்லாட்டிச் சுத்திப் போகணும், அப்ப வாவில தோணி விடுற ஆக்களும் இதில பங்காளிதான்.

ஒலுவில், நிந்தவூர் ஆக்கள் உடனே துறைமுகத்தச் சொல்லுவாங்க. நியாயம்தான், டென்மார்க் கடன்ல கட்டி 2013ல திறந்த துறைமுகம், வாய்க்குள்ள மண் நிரம்புது, வடக்கால கரைய கடல் தின்னுது. ஆனா அங்க நடந்தது துறைமுகத்துக்குக் கட்டின கல் அணை கரையோட ஓடுற மண்ணத் தடுத்ததால. பத்து கிலோமீட்டர் வெளிய ஒரு கிலோமீட்டருக்கு ஒண்டா நிக்கிற தூண் அப்பிடித் தடுக்காது. நம்மட ஆக்கள் கேக்க வேண்டியது தூணப் பற்றியில்ல, இறக்கையும் தூணும் இறக்க எந்தத் துறைமுகம், அதுக்காகக் கரைல புதுசா அணையோ ஜெட்டியோ கட்டுவாங்களா எண்டு. காத்தாடி மழை மேகத்தக் கலைச்சிரும் எண்ட கதையையும் கூட்டத்துக்குக் கொண்டு போகாதீங்க, மாரி மழை வங்காள விரிகுடாத் தாழமுக்கத்தால வருது, 260 மீட்டர் தூண் அத ஒண்டும் செய்யாது. ஒரு பிழையான கேள்வி கேட்டா, மற்ற ஒம்பது நல்ல கேள்விக்கும் பதில் சொல்லாமப் போயிருவாங்க.

சத்தம் நல்ல கேள்வி. நட்டு வைக்கிற தூண் எட்டு, பத்து மீட்டர் அகலமான இரும்புக் குழாய், அத பெரிய சம்மட்டியால கடலடிக்குள்ள அடிச்சி இறக்கிறாங்க, அந்தச் சத்தம் தண்ணிக்குள்ள கிலோமீட்டர்க் கணக்கில போகும். ஜேர்மனில 750 மீட்டர் தூரத்தில 160 டெசிபல் எண்டு எல்லை வச்சிருக்கு, அதுக்குள்ள நிக்கிறதுக்கு அடிக்கிற இடத்தச் சுத்தி குழாயால காத்துக் குமிழி விட்டு திரை மாதிரி கட்டுறாங்க. "நீங்க குமிழித் திரை போடுவீங்களா, எந்த மாசம் அடிப்பீங்க" எண்டு கேளுங்க. கடல் அமைதியான மாசம்தான் அவங்களுக்கும் வேணும், அந்த மாசம்தான் நம்மட கரைவலைக்கும் சீசன், பிரச்சினை அதிலதான் வரும்.

மற்றது தடை வலயம். இங்கிலாந்தில கட்டுற காலத்தில 500 மீட்டர் கிட்ட போக ஏலா, கட்டி முடிஞ்ச பொறகு உள்ளுக்க வலை விடச் சட்டத்தில இடம் இரிக்கு. ஒல்லாந்தில இழுவை வலைக்கு உள்ளுக்க இடமே இல்ல. "வலை விடலாம்" எண்டு வாயால சொல்றது வேற, எழுத்தில தாறது வேற, தூணோட வலை சிக்குப்பட்டா ஆர்ர நட்டம் எண்டதும் எழுத்தில வரணும். தூணடில சிப்பி ஒட்டி மீன் கூடுறது உண்மை, வடகடல்ல கண்டிருக்காங்க, ஆனா கூடுற மீனப் பிடிக்க விட்டாத்தான் அது நம்மளுக்கு லாபம்.

இனிக் கடதாசி வேலை. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின் திட்டத்துக்கு சுற்றாடல் சட்டத்தின்படி அனுமதி எடுக்கணும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை போட்டா, பொதுமக்கள் எழுத்தில கருத்துச் சொல்ல 30 வேலை நாள் தருவாங்க. அறிவித்தல் பேப்பர்ல வரும், சங்கத்தில ஒரு ஆள் அதுக்கெண்டே கண் வச்சிருக்கணும், ஏனெண்டா அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், இருபதாம் நாள் கண்டா வாசிச்சி முடிக்க ஏலா. வாசிக்கக்குள்ள முதல்ல மீன்பிடி மேப் இரிக்கிற பக்கத்தத் தேடுங்க, நம்மட கட்டம் வெள்ளையா இரிக்கா எண்டு பாருங்க, வெள்ளையா இரிந்தா உங்கட நிற மேப்ப அதுக்குப் பக்கத்தில வச்சி கருத்தாக் குடுங்க. கரைல இரிந்து கடலுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர், தரைக்குள்ள 300 மீட்டர் கரையோர வலயம், அதுக்குள்ள கேபிள் வந்தா கரையோரம் பேணல் திணைக்களத்தட்டயும் எழுதிக் கேக்கலாம்.

அறிக்கை வர முந்தி கதை மட்டும் அடிபடுதெண்டா, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரிக்கு. நிலைபெறுதகு வலு அதிகாரசபை, மின்சார சபை (இல்லாட்டி அதின்ர இடத்தில இப்ப இரிக்கிற நிறுவனம்), கடற்றொழில் திணைக்களம், எதுக்கும் தமிழ்ல எழுதலாம். தருவாங்களா இல்லையா எண்ட முடிவ 14 வேலை நாளுக்குள்ள சொல்லணும். "திட்டம் பற்றிய தகவல்" எண்டு பொதுவா எழுதினா பொதுவாத்தான் பதில் வரும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கடல்ல காத்து அளக்கவோ கடலடி அளக்கவோ ஆருக்காவது அனுமதி குடுத்திருக்கா, குடுத்திருந்தா எந்தத் திகதி, எல்லைப் புள்ளிகள் என்ன, மேப்பின்ர பிரதி தாங்க எண்டு நறுக்கா கேளுங்க. கையில கொண்டு போய்க் குடுக்கிறதெண்டா ரெண்டு பிரதி, ஒண்டில திகதியோட சீல் குத்தி வாங்கிக்கொண்டு வாங்க. தபால்ல போடுறதெண்டா பதிவுத் தபால், அந்தத் துண்டையும் சிட்டைக் கொப்பிலயே ஒட்டிருங்க.